நாலு மணி வரைக்கும்

பெனிட்டா இரவுப் பணி முடிந்து
எட்டரைக்கு வந்தாள்.
செருப்பைக் கழற்றும்போதே பாதி தூங்கியிருந்தாள்.
எங்கள் வீடு ஒரே அறை.
ஒரு தட்டும் ஒரு கரண்டியும் கிடைத்தால் போதும்,
ஏபல் தெருவையே எழுப்பிவிடுவான்.

"நாலு மணி வரைக்கும்" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

அதனால் ரயில்.
குரோம்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு
போகவும் வரவும் டிக்கெட்,
போக வேண்டிய இடம் எதுவுமில்லை.
பையில் பொடி தடவிய ஏழு இட்லி,
மூடி சரியாக இறுகாத தண்ணீர் பாட்டில்,
மாற்று டவுசர், கால் உடைந்த ஒட்டகச்சிவிங்கி.
கரண்டியை மட்டும்
பரண்மேல் ஒளித்துவிட்டு வந்தேன்.

திரிசூலத்தில் ஒரு விமானம்
வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேல் போனது.
"அதுல போறவங்க வீட்லயும்
அம்மா தூங்குறாங்களாப்பா?"
ஆமாம் என்றேன்.
அவ்ளோ அம்மாவா என்று
ஜோவிதா கிண்டி வரை விரல்விட்டு எண்ணினாள்.
விரல் தீர்ந்தபோது தம்பியின் விரல்களை இரவல் வாங்கினாள்.

எதிரே கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்த பெண்
எங்கே போறீங்க என்றார்.
பீச்.
பீச்சுல எங்க?
பீச் ஸ்டேஷன்லதான்.
நூல் ஒரு கணம் நின்றது.
பிள்ளைகளின் தாயைத் தேடும் பார்வை எனக்குப் பழக்கம்,
பெட்டி முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி
என் சட்டைமேல் காய்ந்திருந்த பாலில் வந்து முடியும்.
ஒரு சாண் பூவைக் கிள்ளி ஜோவிதாவிடம் நீட்டினார்.
ஏபல் அதில் மூன்றைத் தின்றான்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் அடையாறு நாறியது.
நாற்றம் வந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று
அவன் இன்றுதான் கற்றுக்கொண்டான்,
என் மூக்கை.

கோடம்பாக்கத்தில் ஜோவிதாவுக்கு ஒன்றுக்கு வந்தது.
இறங்கினோம். கழிப்பறை பூட்டியிருந்தது.
சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார்.
ஒரு தூணும் என் முதுகும் போதுமானதாக இருந்தன.
அடுத்த வண்டியில் ஏறும்போதுதான்
ஏபலின் இடது ஷூ
படிக்கும் நடைமேடைக்கும் நடுவே நழுவியது.
மிதித்தால் விளக்கெரியும் ஷூ அது,
பெனிட்டாவின் மூன்று கூடுதல் இரவுகள்.
கீழே ஜல்லியில் ஒருமுறை சிவப்பாய் மின்னியது.
அவன் அதற்குக் கையசைத்து டாட்டா சொன்னான்.
வண்டி நகர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து
எழும்பூர் வரை அழுதான்.

நான் ஜோவிதாவை அதட்டினேன்.
அவள் ஒன்றும் செய்யவில்லை.
ஒன்றுக்கு வந்தது, அவ்வளவுதான்.
பார்க் ஸ்டேஷன் வந்ததும்
அவளே கேட்டாள், "ரெண்டாவது ஷூவும் போட்டுடலாமாப்பா?
அது தனியா இருக்குமே."

கடற்கரையில் கடல் தெரியவில்லை.
சிமெண்டு பெஞ்சில் இட்லி தின்றோம்.
ஒலிபெருக்கி பேசும்போதெல்லாம்
ஜோவிதாவின் உதடும் கூடவே அசைந்தது,
தொண்டையிலிருந்து சத்தம் வராமல்.
ஏபல் என் தோளில் கனத்தான்.
தூங்கும் பிள்ளைக்கு மட்டும்
எங்கிருந்தோ இரண்டு கிலோ கூடிவிடுகிறது.

திரும்பி குரோம்பேட்டை வந்தபோது மணி மூன்று.
இறங்கவில்லை.
தாம்பரம் வரை டிக்கெட் இல்லாமல் போனோம்,
அங்கே ஒரு தூணைச் சுற்றி நாற்பது தடவை நடந்தோம்,
டிக்கெட் எடுத்துத் திரும்பினோம்.
இரண்டு நிலையத் தூரம் நான் திருடன்.
மகள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்,
கூட்டாளியைப் போல.

நாலு ஐந்துக்குக் கதவைத் திறந்தோம்.
சீருடை மாற்றாமலே கிடந்தாள்.
ஒரு கை பாயின் வெற்றிடத்தில்,
ஏபல் வழக்கமாக உருண்டு வரும் பக்கம்.

ஜோவிதா அவள் காதருகே குந்தினாள்.
மிச்சமிருந்த கனகாம்பரம் உள்ளங்கையில் கசங்கியிருந்தது.
வாயைக் கையால் குவித்து,
மூக்கால் பேசும் அதே குரலில், மிக மெல்ல,
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு"

என்று தொடங்கி, என்னைப் பார்த்தாள்.
நான் தலையசைத்தேன், வேண்டாமென்று.
மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

என் தோளிலிருந்து தொங்கிய வலது கால்
கதவில் இடித்து
ஒருமுறை சிவந்தது.